வளவுக்குள் நாலு கூரை

அம்மாவின் சீதனக் காணி யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டியில் இருக்கிறது. ஒழுங்கை முடிந்து கடல் தெரியத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஏழு பரப்பு. 1990 ஆனியில், போர் நெருங்க, அடுப்பில் இருந்த சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு அங்கிருந்து வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது எட்டு வயது. துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டு நாங்கள் திரும்பக் கால் வைத்தது 2017 இல். 27 வருடம். வேலி ஒன்றும் இல்லை, ஒழுங்கைகள் பற்றைக்குள் போய்விட்டன. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் அம்மா காணியை அடையாளம் கண்டா. வீட்டின் வடக்குச் சுவர் மட்டும் இடுப்பளவுக்கு நின்றது. அதில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசாமல் நின்றா.

சில வருடங்கள் கழித்து ரொறன்ரோவிலிருந்து அண்ணா ஒரு யோசனை சொன்னார். "அம்மாவின்ர காணியைச் சும்மா விட்டா பற்றைதான் வளரும். நாலு சின்ன வீடு போடுவம். ஊர் பாக்க வாற ஆக்கள் நாலு நாள் அமைதியா இருந்திட்டுப் போகட்டும். நாங்கள் வந்தாலும் நிக்கலாம்." கூடவே படங்களும் அனுப்பினார். இரும்புச் சட்டம், கடலைப் பார்த்த முழுக் கண்ணாடிச் சுவர், தட்டைக் கூரை. துண்டு துண்டாக வரும், மூன்று நாளில் பூட்டிவிடலாம் என்றார். வீட்டுத் திட்டப்படம் கீறுவது என் தொழில். எந்த வீடு எந்த இடத்தில் என்று கீறித் தந்தால் போதும் என்பது அவருடைய எண்ணம்.

எனக்குப் பதில் எழுத இரண்டு கிழமை பிடித்தது. துண்டு துண்டாக வரும் வீடு என்றதும் 2016 தான் ஞாபகத்துக்கு வந்தது. போரில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று அரசாங்கம் அறிவித்த காலம். ஒரு வீடு 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அதே காசில் கல்வீடு கட்டலாமே, இந்த வெயிலுக்கு இரும்புச் சுவரா, அடுப்புப் புகை எங்கே போகும், ஒரு பலகை உக்கினால் யாரிடம் போய்த் திருத்துவது என்று சனமும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். அறிவித்தபடி அந்தத் திட்டம் நடக்கவில்லை. அந்தக் கேள்விகளில் கடைசிக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. உக்கினால் யார் திருத்துவார்?

கண்ணாடிச் சுவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் கரையில் கடல் வடக்கே இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று நேரே கடலிலிருந்துதான் வரும், உப்பையும் கொண்டு வரும். பழைய வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. வடக்குச் சுவரில் இரண்டு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். விறாந்தை தெற்கே, முற்றத்தையும் கிணற்றையும் பார்த்தபடி. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் காற்று அந்த விறாந்தையால் ஏறி வீட்டை ஊடறுத்துப் போகும். கடலை நம்பிச் சீவித்தவர்கள் கடலைப் பார்த்து வீடு கட்டவில்லை. பார்க்க வேண்டுமென்றால் எழும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

அண்ணாவுக்கு எழுதிய பதில் நீளமானது. சாரம் இதுதான்: துண்டு துண்டாகச் சேரும் வீடு வேண்டுமென்றால் அதைக் கப்பலில் கொண்டுவரத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வளவே அப்படித்தான் இருந்தது. நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டும் நாற்சார் வீடு எல்லோரிடமும் இருந்ததில்லை. அதற்கு முன்னும் அதற்கு வெளியிலும் பெரும்பாலான குடும்பங்கள் ஒரே வளவுக்குள் தனித்தனிக் கூரைகளின் கீழ்தான் இருந்தன. படுக்கவும் நெல்லை வைக்கவும் ஓர் அறைவீடு. வந்தவர்களை இருத்த முன்னால் ஒரு தலைவாசல் அல்லது மால். நெருப்புக்குப் பயந்து கொஞ்சம் தள்ளி அடுக்களை. மாட்டுக்கு ஒரு கொட்டில். எல்லாவற்றுக்கும் நடுவில் சாணி மெழுகிய முற்றம், ஓரத்தில் கிணறு, சுற்றி ஓலைவேலி. மகளுக்குக் கலியாணம் என்றால் அதே வளவுக்குள் இன்னொரு கூரை எழும்பும். யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான, 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சீதனத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தால் விளங்கும். காணியும் வீடும் பெண்பிள்ளைகள் வழியாகப் பங்குபட்ட ஊர் இது. பங்குபடக்கூடிய வீடு, கூட்டவும் குறைக்கவும் கூடிய வீடாகத்தான் இருக்க வேண்டும்.

கரையில் மீன்பிடிக்காரர் போடும் தற்காலிகக் கொட்டில்களான வாடிகளும் அப்படித்தான். பருவம் மாறினால் தொழிலாளர்கள் கப்பையும் வளையையும் கழற்றிக்கொண்டு அடுத்த கரைக்குப் போவார்கள். போன இடத்தில் நாலு குழியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. நாலு நாள் தங்கிப் போகிறவர்களுக்குக் கட்டுகிற எனக்கு வாடியைவிட நல்ல முன்மாதிரி வேறு கிடைக்கவில்லை.

அளவை மரம் தீர்மானித்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் கீறுகிற எங்களுக்கு முதலில் அளவைக் கீறிவிட்டுப் பிறகு பொருளைத் தேடும் பழக்கம் இருக்கிறது. சுன்னாகத்தில் ஒரு மரக்காலையில் கூரைச் சட்டத்துக்கான பன்னிரண்டு அடிப் பனஞ்சிலாகைகள் கிடைத்தன. ஓலைக் கூரைக்குச் சரிவு நன்றாக வேண்டும், 45 பாகை இருந்தால்தான் மழை நிற்காமல் ஓடும். அந்தச் சரிவில் பன்னிரண்டு அடிச் சிலாகையைச் சாய்த்தால், முகட்டிலிருந்து சுவர்வளை வரைக்கும் எட்டரை அடி போகும். மிச்சம் மூன்றரை அடி சுவருக்கு வெளியே இறங்கித் தாவாரமாகும். நிலத்தில் அளந்தால் இரண்டரை அடி நிழல். ஆக அறையின் அகலம் பன்னிரண்டு அடி, ஒரு சிலாகையும் பொருத்துப் போடாமல். நீளத்தை வேண்டியபடி ஆறு ஆறு அடியாகக் கூட்டலாம். எங்கள் முதல் கொட்டில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு. நாலும் இதே அளவுச் சட்டத்தில்தான் வரும், ஒன்றின் சிலாகை பழுதானால் மற்றதற்கு வெட்டிய மரம் அப்படியே பொருந்தும்.

பனை என்றால் எல்லாப் பனையும் இல்லை. தென்னை போலவே பனைக்கும் வெளிவட்டத்தில்தான் வைரம், நடுவில் சோறு. வயது போன மரத்தில் வைரம் கறுத்துத் தடித்திருக்கும், கறையான் அண்டாது. இளமரத்தைச் சீவிச் சிலாகை என்று விற்றால் ஆறு மாதத்தில் மா கொட்டத் தொடங்கும். எங்களுக்கு வந்த முதல் லோட்டில் பதினொரு சிலாகை அப்படி. எங்கள் தச்சர், ஓடாவி, ஒவ்வொன்றையும் தூக்கி நிலத்தில் தட்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிரித்தார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டது. இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டியிருப்பதும் நல்லதற்குத்தான். போர்க்காலத்தில் காவலரண்களுக்கு எத்தனை பனைகள் விழுந்தன என்பதை இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சிலாகை எடுத்தால் வேலியோரம் பத்துப் பனங்கொட்டை ஊன்றுவது என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருக்கிறா. அவற்றில் வைரம் ஏறுவதை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை.

சுவருக்கு என்ன? மண்சுவர் என்று பலர் சொன்னார்கள். மண்ணை அழுத்திச் செய்யும் கல் தமிழ்நாட்டில் ஆரோவில் பக்கம் நன்றாகவே வேலை செய்கிறது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் வலிகாமத்தில் செம்மண் என்பது வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டமண். அதன் கீழே கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் பாறை. அந்த மெல்லிய மண்ணைச் சுரண்டிச் சுவராக்குவதை என்னால் இயற்கைக் கட்டடம் என்று சொல்ல முடியாது. மணலும் அப்படித்தான். மணற்காட்டு மணல்மேடுகளில் தோண்டிய குழிகளைப் பார்த்த பிறகு ஒரு லோட் மணலுக்குக்கூடக் கையெழுத்துப் போட மனம் வராது.

எங்களிடம் வேண்டிய அளவு இருந்த உள்ளூர்ப் பொருள் இடிந்த வீடுதான். பற்றையை வெட்டியபோது கல் கல்லாக வெளியே வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்பதால் தட்டினதும் சாந்து கழன்றது, கல் முழுசாகக் கிடைத்தது. சீமெந்தில் கட்டியிருந்தால் கல்லும் உடைந்துதான் வந்திருக்கும். அம்மா கதிரையைப் போட்டு வேப்பமர நிழலில் இருந்து, எது எந்த அறையின் கல் என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கொல்லைப்புறச் சுவரின் கற்களில் கடல்முருகைக்கல்லும் கலந்திருந்தது, அந்தக் காலத்தில் கரையில் பொறுக்கியவை. இன்று முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. இருந்ததை மட்டும் திரும்ப அடுக்கினோம்.

இங்கே நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். முதல் கொட்டிலின் சுவர் எழும்பியதும், கட்டட வேலை எடுத்தவர் உள்பூச்சைச் சீமெந்தில் பூசிவிடலாம், இரண்டு நாள் வேலை, பிறகு பார்க்கவே தேவையில்லை என்றார். படிப்பும் தொழிலும் இதிலேயே இருக்கிற நான் தலையாட்டிவிட்டேன். சாந்து குழைத்ததும் உவர் கலந்த எங்கள் கிணற்றுத் தண்ணீரில். மாரி தொடங்கி ஆறாம் கிழமை உள்ளே போனபோது சுவர் அம்மை போட்ட உடம்புபோல இருந்தது. கையளவுக்கு ஊதி ஊதி நின்ற இடங்களை விரலால் அழுத்தினால் பூச்சு தகடாக விழுந்தது. பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு, பஞ்சுபோல. சுண்ணாம்புக்கல் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விடும். அந்த மூச்சைச் சீமெந்து அடைத்துவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் பூச்சின் பின்னால் நின்று, உப்பை அங்கேயே விட்டுவிட்டுக் காய்ந்திருக்கிறது.

முழுவதையும் கொத்தி எடுத்தோம். பிறகு அச்சுவேலிப் பக்கத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு மேசன் வந்தார். பாதியாக வெட்டிய பரலில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் விட்டார். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது, கட்டிகள் வெடித்துப் பிளந்தன, பரல் கொதித்தது. "கிட்ட வராதை பிள்ளை, கண்ணில பட்டாப் போச்சு" என்று கையை நீட்டி மறித்தார். நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரின் கீழ் ஒரு மாதம் மூடி வைத்தார். திறந்தபோது அது வெண்ணெய். அகப்பையால் அள்ளினால் வழுக்கிக்கொண்டு விழும். மழைத்தண்ணீரில் பனங்கட்டியைக் கரைத்து அதில் விட்டுக் குழைத்தார். மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் நாட்கணக்கில் காயவிட்டுப் பூசினார். அந்தச் சுவரில் ஒரு மாரி போய்விட்டது. ஓர் இடத்தில் மட்டும் கீறல் விழுந்தது, அவர் அரை மணித்தியாலத்தில் தேய்த்து அடைத்தார்.

சுண்ணாம்பின் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு. கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுடும்போது கரியமிலவாயு வெளியேறுகிறது. நீற்றிப் பூசிய பிறகு, சுவர் இறுகுவதற்கு அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்து மறுபடி கல்லாகிறது. சுட எரித்த விறகின் புகை திரும்பாது, உண்மை. ஆனாலும் சீமெந்துக்கு 1,450 பாகை வரை வேண்டும், உலகம் வெளிவிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு சீமெந்திலிருந்து வருகிறது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1950 இலிருந்து 1990 வரை காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் எரிந்தது எங்கள் காலடிக் கல்தான். நாடு முழுவதும் வீடாகவும் பாலமாகவும் அது நிற்கிறது. கிண்டிய பள்ளங்கள் இங்கே இருக்கின்றன.

கூரைக்கு வந்த ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை. அவரைத் தேடிப் பிடிக்கவே நாலு மாதம் ஆனது. வேலி அடைக்க ஆள் இருக்கிறது, வீடு மேய ஆள் இல்லை என்றார்கள் போன இடமெல்லாம். கடைசியில் பளைப் பக்கம் ஒருவர் இருப்பதாக அறிந்து போனேன். "ஓலை வீடோ? ஆருக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார். வெட்டிய பனையோலையை அடுக்கி மிதித்து, மேலே பாரம் வைத்து, தட்டையான பிறகுதான் கூரைக்கு ஏற்றவேண்டும் என்று சொல்லி, அந்த மிதிப்பைத் தானே வந்து செய்தார். வரிச்சுகளின் மேல் ஒரு வரிசை பின்னிய தென்னங்கிடுகு, அதன்மேல் பனையோலை. கூரைமேலே அவர், உள்ளே நான். அவர் குத்தூசியால் கயிற்றை உள்ளே குத்துவார், நான் வரிச்சைச் சுற்றி வளைத்து ஊசியில் திரும்பக் கோத்துக் கொடுக்க வேண்டும். "இறுக்கு பிள்ளை, இன்னும் இறுக்கு." இரண்டாம் நாள் விரல்களில் தோல் போய்விட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் வெளியே தார்ரோட்டு மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே வந்து நிலத்தில் படுத்தேன். மேலே ஓலையின் வாசம். அப்படி ஒரு குளிர்மையை நான் எந்த வீட்டுக்கும் கீறிக் கொடுத்ததில்லை.

இந்த ஓலை இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். அண்ணா முதலில் கேட்டதும் அதைத்தான். மூன்று வருடத்துக்கொருக்கால் மாற்றுவதா நிலைத்து நிற்பது? என் பதில், ஆம். ஒரு பொருள் எத்தனை வருடம் நிற்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டோம். சைக்கிளில் போய்க் கூட்டிவரக்கூடிய தூரத்தில் அதைத் திருத்தத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். 1950களில் கண்டியிலிருந்து வேலை செய்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா தன் வீடுகளுக்குள் உள்ளூர்ப் பாய் பின்னுகிறவர்களையும் மற்றக் கைவினைஞர்களையும் கொண்டுவந்தார். அவர்களுக்கு வேலை கிடைத்தால்தான் அந்தக் கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போகும். எங்கள் ஐயாவுக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே கூரை எங்களுடையது. நாலு கொட்டில் இருந்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று சுற்றி வரும். ஒவ்வொரு ஆவணியிலும் அவருக்கு இங்கே வேலை இருக்கும். நாலு என்ற எண்ணிக்கை இப்போது எனக்கு அதற்காகவே முக்கியம்.

ஆனால் ஓலைக்கூரையை அழகு என்று சொல்ல எனக்குத் தயக்கமும் உண்டு. இந்த மண்ணில் யார் கல்வீடு கட்டலாம், யார் ஓடு போடலாம் என்பதற்கும் சாதி பார்த்த காலம் இருந்தது. விருப்பப்பட்டு ஓலைக்குள் இருந்தவர்களைவிட இருக்க வைக்கப்பட்டவர்கள் அதிகம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு தென்மராட்சியில் நாங்களும் கிடுகுக் கொட்டிலுக்குள் ஒரு மாரியைக் கழித்தோம். ஒழுக்குக்குச் சட்டி வைத்து வைத்து அம்மா விடியும்வரை நித்திரை கொள்ளாத இரவுகள் எனக்குத் தெரியும். ஐயாவின் மகன் சீமெந்து வீடு கட்டியிருக்கிறார், தகப்பனின் வேலையைப் பழகவில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் சொல்ல இல்லை. ஓலை மேய்வதற்கு மேசனுக்குரிய கூலியை விடக் குறையக் கொடுக்கக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்தேன். அண்ணா மறுப்புச் சொல்லவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அண்ணாவின் படத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பாறைக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரின் மேலே வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது, அதுதான் எங்கள் கிணறு. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் ஓரடி நன்னீருக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தொலைத்தால் கீழிருந்து உப்பு அந்த நாற்பது அடிக்கு ஏறும். கரையோரக் காணியில் மோட்டர் போட்டுக் குளம் நிரப்பினால் எங்கள் கிணறு மட்டும் கெடாது, ஒழுங்கை முழுக்கக் கெடும். குளிக்க விருப்பமென்றால் கீரிமலைக் கேணி இருக்கிறது.

அதனால் அடுக்களைக்கும் குளியலறைக்கும் ஓலை போடவில்லை. அந்தக் கூரைக்குப் பழைய ஓடு, தாவாரத்தில் பீலி, கீழே தொட்டி. ஓலையால் வடியும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருக்கும், ஓட்டுத் தண்ணீர் தெளிவு. 200 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,800 லீற்றருக்கு மேல். கார்த்திகையில் அது சில நாள் மழைதான். மலசலகூடக் குழியும் அடி திறந்த குழி இல்லை, மூடிய தொட்டி. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் வழியாக எல்லாம் கிணற்றுக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. இந்த இரண்டு தொட்டிக்கும் சீமெந்து பாவித்தேன், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டு கூரை முடிந்திருக்கிறது. மூன்றாவதுக்குச் சட்டம் நிற்கிறது. முன்பக்கம் பூவரசங் கதியால் தளிர்த்துவிட்டது. அண்ணா ஆடிக் கடைசியில் வருகிறார். கடலைப் பார்க்க எங்கே இருப்பது என்று கேட்டார். வடக்கு வேலியில் ஒரு படலை வைத்திருக்கிறேன், அதைத் திறந்துகொண்டு நாற்பது அடி நடந்தால் கடல் என்றேன். நேற்று ஐயா தொலைபேசியில் அழைத்தார். ஓலை மிதித்து வைத்தாயிற்றாம். "உள்ளுக்கை நிண்டு ஊசி வாங்கித் தர ஒராள் வேணும் பிள்ளை. உன்ர விரல் இன்னும் ஆறியிருக்காது." அண்ணாவின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.